மோதலின் வெப்பத்தைச் சொல்வது யார்: ஃபோட்டானா, லெப்டான் இணையா?

மன்னார்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் ப்ராஜெக்ட்டுக்குக் கன அயனி மோதலை (தங்கம், ஈயம் போன்ற கனமான அணுக்கருக்களை மோதவிடுவது) எடுத்திருக்கிறார். அவர் கேட்டது இது: "ஒரு மோதலில் பல்லாயிரம் துகள்கள் வெளியே வருகின்றன, பெரும்பாலும் பையான் என்ற லேசான துகள்கள். அவற்றை விட்டுவிட்டு, தேடிப் பொறுக்க வேண்டிய அளவுக்குச் சொற்பமான ஃபோட்டானையும் (ஒளித்துகள்) எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையையும் ஏன் துரத்துகிறார்கள்? ஃபோட்டான் நிறமாலையின் சாய்வுதான் (ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) குவார்க்–குளுவான் பிளாஸ்மாவின் வெப்பநிலை என்று ஒரு நோட்ஸில் படித்தேன். வைவாவில் அப்படியே சொல்லலாமா, சார்?"

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விஷயம் இருப்பது இரண்டாவதில்தான். அந்த நோட்ஸில் உள்ளதை அப்படியே ஒப்பிக்காதீர்கள் தம்பி. வருகிற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த ஒரு வரியிலேயே பிடித்துக்கொள்வார்.

மோதலில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அளவோடு மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உள்ள ரிக் முடுக்கி 2000-இல் ஓடத் தொடங்கியது. அங்கே தங்க அணுக்கருக்களை, ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) இணைக்கு 200 ஜிஇவி ஆற்றல் வரை மோதவிட்டார்கள். (ஜிஇவி ஆற்றலின் அலகு; ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி, ஆயிரம் ஜிஇவி ஒரு டிஇவி.) ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள எல்ஹெச்சி முடுக்கி 2010-இல் ஈய அணுக்கருக்களை 2.76 டிஇவி ஆற்றலில் மோதவிட்டது, பிறகு 5 டிஇவிக்கு மேல் போனது. மோதிய இடத்தில் புரோட்டான், நியூட்ரான் என்ற தனித்தனி அடைப்புகள் கலைந்து, உள்ளே இருந்த குவார்க்குகளும் குளுவான்களும் ஒரே குழம்பாகின்றன. குவார்க்–குளுவான் பிளாஸ்மா என்பது இந்தக் குழம்புதான். இந்த மாற்றம் நடக்கும் வெப்பநிலை சுமார் 156 எம்இவி. வெப்பநிலையாக மாற்றினால் ஒரு எம்இவி என்பது 1,160 கோடி கெல்வின். ஆக, ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கெல்வின். சூரியனின் மையமே ஒன்றரைக் கோடி கெல்வின்தான். இந்தத் தீக்கோளத்தின் அகலம் 10 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) அளவில் இருக்கும். ஆயுளும் ஒளி அந்த 10 ஃபெர்மியைக் கடக்கும் நேரம்தான், சுமார் 3 × 10⁻²³ நொடி. எந்த வெப்பமானியையும் உள்ளே விட வழியில்லை. வெளியே வந்து விழுவதை வைத்துத்தான் உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பையான் வலுவிசைக்கு, அதாவது குவார்க்குகளைக் கட்டிவைக்கும் விசைக்கு, கட்டுப்பட்டது. குழம்புக்குள் பையான் என்று ஒன்றே கிடையாது. ஆறும்போது உருவாகி, அதன் பிறகும் பக்கத்துத் துகள்களோடு இடித்துப் புடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். ஆகவே கடைசி இடி வாங்கிய நேரத்து நிலவரம்தான் அதனிடம் இருக்கும். இதனால் பையான் பயனற்றது என்று சொல்லிவிடக் கூடாது. தீக்கோளம் எப்படி விரிகிறது, ஜெட்டுகள் (கற்றையாகப் பாயும் துகள் கூட்டங்கள்) எவ்வளவு அடங்கிப் போகின்றன என்பதையெல்லாம் பையான் போன்ற ஹாட்ரான்கள்தான் நமக்குக் காட்டின. ஆனால் உச்ச வெப்பத்தின் நேரடி நினைவு அவற்றிடம் இல்லை.

ஃபோட்டானுக்கு வலுவிசையே தெரியாது. மின்காந்த விசை மட்டும்தான், அதன் வலிமை 1/137. அந்தக் குழம்புக்குள் ஒரு ஃபோட்டான் எதிலும் இடிபடாமல் போகும் சராசரி தூரம் நூற்றுக்கணக்கான ஃபெர்மி. தீக்கோளமோ பத்து ஃபெர்மிதான். பிறந்தால் நேரே வெளியேதான். எலக்ட்ரானும், அதன் கனமான உறவான மியூவானும் அப்படியே; லெப்டான்கள் என்பது இவற்றைத்தான். இதற்கு விலையும் உண்டு: தப்பிப்பதை எளிதாக்கும் அதே 1/137 பிறப்பையும் அரிதாக்குகிறது. லெப்டான் இணை, ஒரு மெய்நிகர் ஃபோட்டான் (கணநேரம் மட்டும் இருக்கும் ஃபோட்டான்) இரண்டாகப் பிரிந்து வருவது என்பதால் இன்னொரு 1/137-ஐயும் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த வழியை 1976-இல் ஃபைன்பெர்க்கும் 1978-இல் எட்வர்ட் ஷூர்யாக்கும் முன்வைத்தார்கள். நம் பக்கத்தில் கொல்கத்தாவின் பிகாஷ் சின்ஹா 1980-களின் தொடக்கத்திலேயே ஃபோட்டானுக்கும் லெப்டான் இணைக்கும் உள்ள விகிதத்தை அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். முதல் கேள்வி இதோடு முடிந்தது.

இனி வெப்பநிலைக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு முன்னால் ஸ்தபதி மூசைக்குள் எட்டிப் பார்ப்பார். உருகிய உலோகத்தின் நிறம் சிவப்பு மாறி மஞ்சள் தூக்கலாக வந்ததும், பதம் வந்துவிட்டது என்று சைகை காட்டுவார். கண்தான் அவருக்கு வெப்பமானி. இயற்பியல்படி அது நூற்றுக்கு நூறு சரியான அளவீடு. உருகிய உலோகம் ஒளிபுகாப் பொருள். உள்ளே பிறக்கும் ஒளி உட்கவரப்பட்டு, மறுபடி உமிழப்பட்டு, மறுபடி உட்கவரப்பட்டு, கடைசியில் உலோகத்தோடு வெப்பச் சமநிலைக்கு வந்துவிடுகிறது. அதனால் பிளாங்க் சூத்திரம் பொருந்தும், வீன் விதி பொருந்தும், நிறத்தைப் பார்த்தால் சூடு தெரியும்.

தீக்கோளத்தில் இது எதுவுமே பொருந்தாது. நோட்ஸ் தவறவிட்ட இடம் இதுதான். அங்கே பிறந்த ஃபோட்டான் யாரோடும் சமநிலைக்கு வருவதில்லை. குவார்க்குகள் சமநிலையில் இருக்கின்றன, ஃபோட்டான்கள் இல்லை. குழம்பு ஒளிக்குக் கண்ணாடிபோல் தெளிவு. ஆகவே நாம் பார்ப்பது மேற்பரப்பின் ஒளியை மட்டும் அல்ல. முழுப் பருமத்திலிருந்தும், முதல் கணத்திலிருந்து கடைசிக் கணம் வரைக்கும் கிளம்பிய எல்லா ஒளியும் ஒரே படத்தில் பதிந்து வருகிறது. "ஃபோட்டான் தொடக்க நிலையைச் சொல்லும்" என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. தொடக்க நிலையையும் சொல்லும் என்பதே சரி. அந்த ஒரு 'உம்'மில்தான் இந்தத் துறையின் நாற்பது ஆண்டு உழைப்பும் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு தொடக்கம், எவ்வளவு கடைசி? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓரலகு பருமத்தில் ஓரலகு நேரத்தில் பிறக்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 300 எம்இவியிலிருந்து 150-க்கு இறங்கினால் அந்த வீதம் 16-இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் தீக்கோளம் நீளவாக்கில் மட்டும் விரிவதாக எளிமையாக வைத்துக்கொண்டால், வெப்பநிலை காலத்தின் கன மூலத்துக்குத் தலைகீழாகக் குறையும். பாதியாக இறங்க எட்டு மடங்கு காலம் ஆகும். அதற்குள் பருமமும் எட்டு மடங்காகிவிடும். இரண்டையும் பெருக்கினால் 64. பதினாறால் வகுத்தால் 4. அதாவது மொத்த எண்ணிக்கையில் ஆறிய கட்டம்தான் நான்கு மடங்கு அதிகமாக ஃபோட்டான் தருகிறது!

இதே கணக்கை 3 ஜிஇவி ஆற்றலுள்ள ஃபோட்டான்களுக்கு மட்டும் போடுங்கள். போல்ட்ஸ்மான் காரணி, அதாவது e-இன் அடுக்கு −(ஆற்றல் ÷ வெப்பநிலை), உள்ளே வரும். 300 எம்இவியில் அது e-இன் அடுக்கு −10, 150 எம்இவியில் −20. வித்தியாசம் இருபதாயிரம் மடங்குக்கு மேல். நான்கு மடங்கு பருமச் சலுகையெல்லாம் அதன் முன்னால் நிற்காது. ஆகவே ஆற்றல் குறைந்த ஃபோட்டானில் பின்கட்டத்தின் கை ஓங்கியிருக்கும், ஆற்றல் கூடியதில் முன்கட்டத்தின் கை. இன்னும் மேலே போனால் வேறொரு தொந்தரவு. குழம்பு உருவாவதற்கு முன்பே, முதல் இடியில் குவார்க்கும் குளுவானும் நேருக்கு நேர் மோதி உமிழும் ஃபோட்டான்கள் அந்தப் பகுதியை நிரப்பிவிடும். ஆகவே வெப்ப ஃபோட்டானைத் தேடும் இடம் குறுக்கு உந்தத்தில் (மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) ஏறத்தாழ 1-லிருந்து 3 ஜிஇவி வரையிலான ஒரு குறுகிய சந்து.

அந்தச் சந்தில் ஃபீனிக்ஸ் குழு 2010-இல் வெளியிட்ட அளவீடுதான் உங்கள் நோட்ஸின் மூலமாக இருக்க வேண்டும். ரிக்கின் மையத் (நேருக்கு நேரான) தங்க மோதல்களில் சாய்விலிருந்து வந்த எண் 221 எம்இவி. புள்ளியியல் பிழை 19, முறைசார் பிழை 19. எல்ஹெச்சியில் ஆலிஸ் குழு 2016-இல் வெளியிட்டது சுமார் 297 எம்இவி. இரண்டுமே 156-க்கு மேலே இருப்பதால், பிளாஸ்மாவின் வெப்பநிலை அளந்தாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. மனிதன் உண்டாக்கிய மிக உயர்ந்த வெப்பநிலை என்று கின்னஸ் பதிவும் ஆனது.

அந்த 221-ஐக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். தீக்கோளம் சும்மா நிற்கவில்லை, வெளிநோக்கிப் பாய்கிறது. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி டாப்ளர் விளைவால் நீலப்பக்கம் நகரும், சாய்வு மட்டுப்பட்டு, இருப்பதைவிடச் சூடாகத் தெரியும். ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தோடு நம்மை நோக்கி வந்தால் அந்தக் காரணி மூன்றின் வர்க்கமூலம், 1.73. 130 எம்இவியில் உள்ள வெறும் ஹாட்ரான் வாயு இந்த வேகத்தில் பாய்ந்தால் 225 எம்இவி என்று காட்டும். பிளாஸ்மாவே இல்லாமல் 221 வரும்! நிஜத்தில் பிளாஸ்மா இருந்தது என்பதற்கு வேறு பல சான்றுகள் இருக்கின்றன, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த 221 எந்த ஒரு கணத்தின் வெப்பநிலையும் அல்ல. ஒரு பக்கம் சூடான, இன்னும் பாயத் தொடங்காத முன்கட்டம். மறுபக்கம் ஆறிய, ஆனால் வேகமாகப் பாயும் பின்கட்டம். இரண்டும் கலந்து தந்த சாய்வு அது. பாய்ம இயக்கவியல் மாதிரிகளில் இதைப் பிரித்துப் பார்த்து, ரிக்கின் தொடக்க வெப்பநிலை மாதிரிக்கு ஏற்ப 300-லிருந்து 600 எம்இவி வரை வரலாம் என்றார்கள். இரண்டு மடங்கு இடைவெளி இருக்கிறது, கவனியுங்கள்.

வைவாவில் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "சாய்வு தருவது காலம் முழுவதும் சராசரியான, ஓட்டத்தால் உயர்த்திக் காட்டப்பட்ட பயனுறு வெப்பநிலை. தொடக்க வெப்பநிலையை அடைய மாதிரி தேவை."

இந்தக் கலவை வெறும் காகிதக் கவலை இல்லை என்பதற்கு 2012-இல் ஓர் அத்தாட்சி கிடைத்தது. அணுக்கருக்கள் முழுசாக நேருக்கு நேர் மோதாமல் விளிம்போடு விளிம்பாக மோதும்போது, மேற்பொருந்தும் பகுதி பாதாம் கொட்டை வடிவில் இருக்கும். அதனால் துகள்கள் ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் வரும். இதை நீள்வட்ட ஓட்டம் என்பார்கள். இந்த ஏற்றத்தாழ்வு வளர நேரம் பிடிக்கும். ஃபோட்டான்கள் முன்கட்டத்திலிருந்து வந்தால் அவற்றில் இது குறைவாக இருக்க வேண்டும். ஃபீனிக்ஸ் அளந்து பார்த்தால் பையானுக்கு இருக்கும் அளவுக்கே ஃபோட்டானுக்கும் இருந்தது. எண்ணிக்கை அதிகமாக இருப்பதைப் பார்த்தால் சூடான முன்கட்டம் என்று தோன்றுகிறது, ஓட்டத்தைப் பார்த்தால் பின்கட்டம் என்று தோன்றுகிறது. மாதிரிகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாமல் திண்டாடினார்கள். நேரடி ஃபோட்டான் புதிர் என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. (வேறு துகள் சிதைந்து வராத ஃபோட்டான்தான் நேரடி ஃபோட்டான்.) இன்றுவரை இது முழுசாகத் தீர்ந்தபாடில்லை. உங்கள் ப்ராஜெக்ட்டில் ஓர் அத்தியாயம் இதற்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.

அளப்பதிலும் ஒரு பெரிய தலைவலி உண்டு. நடுநிலைப் பையான் 100-க்கு 99 முறை இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைகிறது. அதன் ஆயுள் சுமார் 8.5 × 10⁻¹⁷ நொடி. அதற்குள் அது ஓடும் தூரம் நானோமீட்டர் கணக்கில்தான். தீக்கோளத்தின் அளவோடு ஒப்பிட்டால் அது பல லட்சம் மடங்கு தள்ளி இருக்கும் இடம், அங்கே குழம்பின் சூடெல்லாம் எப்போதோ ஆறிப்போயிருக்கும். ஆனால் டிடெக்டரின் கண்ணுக்கு அதுவும் மோதல் நடந்த அதே புள்ளிதான். ஆக, வரும் ஃபோட்டான்களில் மிகப் பெரும்பான்மை இந்தப் பையானும் ஈட்டா என்ற இன்னொரு துகளும் சிதைந்து வந்த சரக்கு. நாம் தேடும் நேரடி ஃபோட்டான் இந்த ஆற்றலில் பத்து, இருபது சதவீதம்தான். ஐந்து சதவீதப் பிழையோடு அளந்தால் சமிக்ஞையில் பாதி போய்விடும்.

இதற்கு ஃபீனிக்ஸ் குழு செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஃபோட்டானை நேரே பிடிக்கவில்லை. நிஜ ஃபோட்டான் பிறக்கும் எந்த வினையிலும், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் நிறையுள்ள மெய்நிகர் ஃபோட்டான் பிறந்து எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாகப் பிரிய ஒரு சிறு வாய்ப்பு உண்டு. பையான் சிதைவிலும் அப்படி இணை வரும், ஆனால் அந்த இணையின் நிறை பையானின் நிறையான 135 எம்இவியைத் தாண்ட முடியாது. தாயின் எடையைப் பிள்ளை தாண்ட முடியாதே. ஆகவே 100-லிருந்து 300 எம்இவி வரை நிறையுள்ள இணைகளை எடுத்தால் பையானின் இரைச்சல் சட்டென்று ஓய்ந்துவிடுகிறது. மிச்சத்தில் ஈட்டாவைக் கழித்து, நிறை பூச்சியத்துக்கு நீட்டினால் நிஜ ஃபோட்டானின் எண்ணிக்கை கிடைத்துவிடும். அந்த 221 இப்படி வந்ததுதான். ஃபோட்டானை அளக்க லெப்டான் இணையின் உதவி தேவைப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி லெப்டான் இணைதான். காரணம், ஃபோட்டானிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது: நிறை. எலக்ட்ரானின் உந்தம் 2 ஜிஇவி, பாசிட்ரானின் உந்தம் 1 ஜிஇவி, நடுவே கோணம் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லெப்டானின் சொந்த நிறையை விட்டுவிட்டால், இணை நிறையின் வர்க்கம் = 2 × 2 × 1 × (1 − கோசைன் 60°) = 2. நிறை 1.41 ஜிஇவி. இப்போது இந்த இணையை உமிழ்ந்த பொருள் நம்மை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது என்று வையுங்கள். உந்தம் மாறும், கோணம் மாறும், ஆனால் 1.41 மாறாது. சார்பியலில் அது மாறிலி. ஆக, நிறை நிறமாலையின் சாய்வில் டாப்ளர் கலப்படம் கிடையாது. ஃபோட்டானின் சாய்வைக் கெடுத்த அந்த 1.73 இங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

நிறை அச்சில் நடந்து பார்த்தால் வெவ்வேறு ஊர்கள் வரும். 1 ஜிஇவிக்குக் கீழே ரோ, ஒமேகா, ஃபை மீசான்களின் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்கள்) ராஜ்ஜியம். 3.1-இல் ஜே/சை முகடு, 9.5-க்கு அருகில் உப்சிலான் குடும்பம், 91-இல் இசட் போசான். வெப்பநிலை பார்க்க ஃபை-க்கும் ஜே/சை-க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தோது. அங்கே பெரிய முகடு எதுவும் இல்லை, வெப்பக் கதிர்வீச்சு நிறைக்கேற்ப அடுக்குக்குறியாகச் சரிகிறது.

முதலில் கீழ்ப்பகுதி. செர்னின் செரஸ் குழு 1995-இல் கந்தக–தங்க மோதலில் 0.2-லிருந்து 1.5 ஜிஇவி வரை எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு எலக்ட்ரான் இணைகளைக் கண்டது. புரோட்டானை மோதவிட்டபோது கணக்கு சரியாக வந்தது, கனமான அணுக்கரு வந்தால்தான் மிகை. ரோ மீசானின் ஆயுள் தீக்கோளத்தின் ஆயுளைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அது உள்ளேயே பிறந்து உள்ளேயே இறக்கும். இறக்கும்போது எப்போதாவது ஒரு லெப்டான் இணையை வெளியே அனுப்பும். அந்த இணையின் நிறையில், சூட்டுக்குள் ரோ எப்படி இருந்தது என்பது அப்படியே பதிந்திருக்கும். இரண்டு கட்சிகள் உருவாயின. சூட்டில் ரோவின் நிறையே குறைகிறது என்று பிரவுனும் ரோவும் (மனிதர் பெயரும் ரோதான்) சொன்னார்கள். நிறை அங்கேயேதான் இருக்கிறது, முகடுதான் அகன்று பரந்துவிடுகிறது என்றது மற்ற கட்சி. செரஸின் தரவில் இரண்டுமே பொருந்தின. பத்தாண்டுக்கு மேல் வாதம் ஓடியது. 2006-இல் அதே செர்னில் என்ஏ60 குழு இண்டியம்–இண்டியம் மோதலில் மியூவான் இணைகளை அளந்தது. எண்ணிக்கையும் அதிகம், துல்லியமும் அதிகம். முகடு நகரவில்லை, அகன்றிருந்தது. வாதம் முடிந்தது.

அதே என்ஏ60, 1 ஜிஇவிக்கு மேலே உள்ள பகுதியில் வெப்பநிலையையும் எடுத்தது: 205 எம்இவி, பிழை 12. மாற்ற வெப்பநிலையான 156-க்குத் தெளிவாக மேலே, ஓட்டக் கலப்படம் இல்லாமல். ஃபோட்டானின் 221-ஐவிடச் சின்ன எண்தான், ஆனால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். இதற்கு இடைஞ்சல் சார்ம் என்ற கனமான குவார்க். அது அடங்கிய டி மீசான்கள் இரண்டு தனித்தனியாகச் சிதைந்து இரண்டு மியூவான்களைத் தந்தால், அதுவும் இதே நிறைப் பகுதியில் வந்து உட்காரும். டி மீசான் நூறு மைக்ரான் கணக்கில் ஓடிவிட்டுத்தான் சிதையும். மோதல் நடந்த புள்ளியிலிருந்து மியூவானின் பாதை எவ்வளவு விலகியிருக்கிறது என்று சிலிக்கான் பிக்ஸல் டிடெக்டரால் அளந்து, மிகையாக வந்தது சார்ம் அல்ல, மோதல் புள்ளியிலேயே பிறந்தது என்று காட்டினார்கள்.

ஒரே ஒரு வரைபடத்தைத்தான் செமினாரில் காட்டலாம் என்றால் என்ஏ60-இன் இன்னொரு படத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு நிறைப் பட்டைக்கும் குறுக்கு உந்தச் சாய்வு எவ்வளவு என்று அதில் வரைந்திருப்பார்கள். நிறை கூடக் கூடச் சாய்வு வெப்பநிலையும் ரோ வரை ஏறிக்கொண்டே போகும். கனமான துகளை ஓட்டம் அதிகமாகத் தள்ளும் என்பதால் இது எதிர்பார்த்ததுதான். ஆனால் 1 ஜிஇவியைத் தாண்டியதும் திடீரென்று 200 எம்இவி பக்கம் இறங்கிவிடும். அதாவது அந்த இணைகளைத் தள்ள அப்போது ஓட்டமே போதுமான அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. அவை ஓட்டம் வளர்வதற்கு முன்பே கிளம்பியவை. பிறந்த நேரம் முத்திரை குத்தி வந்ததுபோல் இத்தனை தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஹேடஸ் குழு 2019-இல் குறைந்த ஆற்றல் தங்க மோதலில் எலக்ட்ரான் இணைகளிலிருந்து 72 எம்இவி என்று எடுத்தது, சுமார் 80 ஆயிரம் கோடி கெல்வின். நியூட்ரான் விண்மீன்கள் இணையும்போது உண்டாகும் நிலைமையை ஒத்தது அது. ரிக்கில் ஸ்டார் குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், இடைநிறைப் பகுதி (ஃபை-க்கும் ஜே/சை-க்கும் நடுவே) 3 லட்சம் கோடி கெல்வினைச் சுற்றியும் தாழ்நிறைப் பகுதி (அதற்குக் கீழே) 2 லட்சம் கோடியைச் சுற்றியும் வந்தது. ஒரே மோதலின் இரண்டு வயதை ஒரே நிறமாலை காட்டுகிறது. எல்ஹெச்சியில் இதே வேலை கடினம், சார்ம் அங்கே கொட்டிக்கிடக்கிறது.

ஜே/சை, உப்சிலான் பற்றிச் சுருக்கமாக. குழம்புக்குள் குவார்க்–எதிர்க்குவார்க் பிணைப்பு கரையும் என்று மட்சுயியும் சாட்ஸும் 1986-இல் சொன்னார்கள். தளர்வான பிணைப்புள்ள உப்சிலான் கிளர்ச்சி நிலைகள் அதிகமாகக் கரைவதை எல்ஹெச்சியின் சிஎம்எஸ் குழு மியூவான் இணைகளில் காட்டியது. அது தனி ப்ராஜெக்ட், இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உயர் ஆற்றல் ஃபோட்டானும் இசட் போசானும் குழம்பால் குறைவதே இல்லை, பையான்தான் ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்ற ஒப்பீட்டை மட்டும் முன்னுரையில் ஒரு பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டானை வலுவிசை தொடாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டு இடங்களில் மாணவர்கள் வழுக்குவார்கள். ஒன்று, நம் நாட்டுக் குழுக்கள் கட்டிய ஃபோட்டான் பன்மை டிடெக்டர். கொல்கத்தாவின் விஇசிசி ஆய்வகம் முன்னின்று செய்தது, டபிள்யூஏ98, ஸ்டார், ஆலிஸ் ஆகிய மூன்று சோதனைகளிலும் இருந்தது. பெருமைதான். ஆனால் அது எண்ணுவது பெரும்பாலும் பையான் சிதைவு ஃபோட்டான்களை, வெப்ப ஃபோட்டானை அல்ல. லெப்டான் இணைக் கதைக்கு நம் பங்கைச் சொல்ல வேண்டுமானால் ஆலிஸின் மியூவான் பகுதியையும், அதற்காக இந்தியாவில் வடிவமைத்துத் தயாரித்த மானஸ் சிப்பையும் சொல்லுங்கள். இன்னொன்று, அணுக்கருக்கள் தொடாமல் மிக நெருங்கிக் கடந்து போகும்போது அவற்றின் மின்புல ஃபோட்டான்கள் மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் இணை உருவாகும். ஸ்டார் குழு 2021-இல் இதைக் காட்டியது. அழகான இயற்பியல், ஆனால் அங்கே குழம்பும் இல்லை, வெப்பநிலையும் இல்லை.

கையால் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். செர்னின் திறந்த தரவுத் தளத்தில் சிஎம்எஸ் குழுவின் மியூவான் இணைக் கோப்பு இலவசமாகக் கிடைக்கும், எக்ஸெல்லிலேயே திறக்கலாம். புரோட்டான்–புரோட்டான் மோதல்தான், கன அயனி அல்ல, அதை ரிப்போர்ட்டில் மறக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு மியூவான்களின் குறுக்கு உந்தம், ஈட்டா (துகள் அல்ல, கற்றையோடு உள்ள கோணத்தின் அளவு), ஃபை கோணம் (மீசான் அல்ல, கற்றையைச் சுற்றிய கோணம்) இருக்கும். நிறையின் வர்க்கம் = 2 × இரு குறுக்கு உந்தங்களின் பெருக்கல் × (காஷ் ஈட்டா வித்தியாசம் − காஸ் ஃபை வித்தியாசம்). ஃபை ஏற்கெனவே ரேடியனில்தான் இருக்கும், டிகிரி என்று நினைத்து மாற்றிவிட்டால் எல்லா முகடும் கரைந்துபோகும். கிடைமட்ட அச்சில் நிறை, செங்குத்தில் எண்ணிக்கை, இரண்டையும் லாக் அளவில் போடுங்கள். 3.1-இல் ஜே/சை, 9.5-இல் உப்சிலான், 91-இல் இசட் மூன்றும் எழுந்து நின்றால் சூத்திரம் சரி. அதன் பிறகு ஹெப்டேட்டா தளத்திலிருந்து ஃபீனிக்ஸின் ஃபோட்டான் புள்ளிகளை இறக்கி, 1-லிருந்து 2 ஜிஇவி வரை ஒரு முறையும் 2-லிருந்து 3 வரை ஒரு முறையும் தனித்தனியாகச் சாய்வு எடுங்கள். இரண்டு எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பிழை வரம்போடு எழுதுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கேள்வி கேட்பார்.